எழுந்து பேசுமுன்: பொது விவாதமும் கொள்கை வாதமும் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர வகுப்பில் அளவையியல் (தருக்கம்) படிப்பிக்கிற எனக்கு வகுப்புக்கு வெளியேதான் நல்ல கேள்விகள் வருகின்றன. மீனவர் சங்கச் செயலாளர், முன்பள்ளி ஆசிரியை, பிரதேச சபைக்குப் புதிதாகத் தெரிவான உறுப்பினர், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்று பலர் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலதுக்கு நீளமாகப் பதில் சொல்லவேண்டியிருந்தது, சிலதுக்கு இரண்டு வரி போதும்.

வாதவியல் என்றால் பட்டிமன்றம் பேசப் பழகுவதா?

இல்லை. பட்டிமன்றத்தில் கட்சியை முதலே பிரித்துத் தந்துவிடுவார்கள். பேசுகிறவர் அதை நம்பவேண்டும் என்றில்லை. கைதட்டல் எந்த வரிக்கு விழும் என்பதில்தான் அவருக்குக் கண். வாதவியல் வேறு கேள்வி கேட்கிறது. ஒருவர் சொன்ன காரணம் அவர் சொன்ன முடிவைத் தாங்குகிறதா? தாங்கவில்லையென்றால் எந்த இடத்தில் பிடி விட்டது? மற்றவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எது, அதைக் கேட்டாரா?

பாடப்புத்தக அளவையியலிலிருந்தும் இது கொஞ்சம் விலகி நிற்கிறது. அங்கே எடுகூற்றுகள், அதாவது தொடக்கத்தில் காரணமாக வைக்கும் கூற்றுகள், உண்மையென்று வைத்துக்கொண்டு முடிவு பெறப்படுகிறதா என்று பார்ப்போம். பாதீட்டு விவாதத்திலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் அப்படி முடியாது. தகவல் அரைகுறை, நேரம் குறைவு, ஆனால் இன்றைக்கே ஒரு முடிவு வேண்டும். அந்த நெருக்கடிக்குள் மனிதர்கள் எப்படிக் காரணம் சொல்கிறார்கள், எப்படிச் சொன்னால் நியாயம் என்பதுதான் இந்தத் துறை.

இந்தத் துறை எப்போது தொடங்கியது?

பழைய வேர் அரிஸ்டோட்டிலிடம் இருக்கிறது. அவையில் செய்யும் பேச்சை அவர் மூன்றாகப் பிரித்தார்: நடந்ததைப் பற்றி வழக்காடுவது, ஒருவரைப் புகழ்வது அல்லது இகழ்வது, இனிமேல் என்ன செய்வது என்று ஆலோசிப்பது. கொள்கை வாதம் மூன்றாவது வகை.

இக்காலத் துறைக்கு 1958ஐ ஆரம்பமாகச் சொல்வார்கள். அந்த ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டீபன் டூல்மின் ஒரு நூலையும், பெல்ஜியத்தின் சாயிம் பெரெல்மனும் லூசி ஒல்பிரெக்ட்ஸ்-டிடெக்காவும் சேர்ந்து இன்னொரு நூலையும் வெளியிட்டார்கள். நீதிமன்றத்திலும் சபையிலும் நடக்கிற வாதத்தைக் கணித நிரூபணத்தின் அளவுகோலால் அளப்பது பொருந்தாது என்பது இரண்டு நூலுக்கும் பொது. பிறகு அம்ஸ்டர்டாமில் வான் ஏமெரென், குரூட்டென்டோர்ஸ்ட் ஆகிய இருவரும் நாகரிகமான விவாதத்துக்கு விதிகளை வகுத்தார்கள். கனடாவில் டக்ளஸ் வால்டன் அன்றாட வாத வகைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதினார். கொள்கை ஆய்வுக்காரர்கள் இதைக் கையில் எடுத்தது 1980களின் கடைசியிலும் 1990களிலும்.

தமிழில் இதற்கு மரபு உண்டா, இல்லை எல்லாம் வெளியிலிருந்து வந்ததா?

மணிமேகலையின் 29ஆவது காதையைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. மேற்கோள், அதற்கான ஏது, எடுத்துக்காட்டு என்று வாதத்தின் உறுப்புகளைப் பக்கம், ஏது, திட்டாந்தம் என வரிசைப்படுத்துகிறார். பொருத்திக் காட்டும் உபநயம், முடிவைத் திரும்பச் சொல்லும் நிகமனம் என்ற மற்ற இரண்டும் திட்டாந்தத்துக்குள் அடங்கிவிடும் என்கிறார். அதோடு நில்லாமல் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று ஒவ்வோர் உறுப்பும் எப்படிக் கெட்டுப்போகும் என்று விரித்துக்கொண்டே போகிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களை போல என்ற உதாரணமும் அங்கேதான். காப்பியத்தில் கதையைத் தேடிப் போகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிடுவார்கள். நான் வகுப்புக்குக் கொண்டுபோவது இதை மட்டும்தான்.

நியாயம் என்ற பழைய இந்தியத் தருக்க மரபு விவாதத்தையே மூன்றாக வகுத்தது. உண்மையை அறியப் பேசுவது வாதம். வெல்லப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல் மற்றவர் சொன்னதை உடைப்பதற்கென்றே பேசுவது விதண்டை. மூன்றாவதை நாம் இன்றும் விதண்டாவாதம் என்று திட்டப் பயன்படுத்துகிறோம். நடுவிலுள்ளது ஒரு கூட்டத்தையே விழுங்கிவிடக்கூடியது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? உதாரணத்தோடு சொல்லுங்கள்.

நமது கரையோரம் முழுக்கத் தெரிந்த சண்டையையே எடுப்போம்: சுருக்குவலை. மீன் கூட்டத்தைச் சுற்றி வலையை இறக்கி, அடிக்கயிற்றை இழுத்தால் கீழ்வாய் மூடிக்கொள்ளும், கூட்டம் மொத்தமாக உள்ளே. கரைவலைக்காரரும் சிறுவலைக்காரரும் இதை எதிர்க்கிறார்கள். சுருக்குவலைக்காரர் தங்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு என்கிறார்கள். வாடியடியில் கேட்கக்கூடிய பேச்சு இப்படிப் போகும்:

"தம்பி, நாங்கள் கரையில நிண்டு இழுக்கிறம், ஒரு கூடை சூடை வரேல்ல. அவங்கள் வெளியில வளைச்சு அள்ளுறாங்கள். இந்தத் தொழிலை முற்றாத் தடைசெய்யச் சொல்லி எழுதுங்கோ."

"ஐயா, போன வருசம் இதே மாதம் எவ்வளவு வந்தது?"

"கனக்க வந்தது."

"கணக்கு இருக்கோ?"

"கணக்கு ஆர் எழுதினது!"

டூல்மின் முறையில் இதைப் பிரித்தால், கூற்று: சுருக்குவலையை முற்றாகத் தடைசெய்ய வேண்டும். ஆதாரம்: கரைவலையில் மீன் விழவில்லை. இரண்டுக்கும் நடுவில் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. கரையில் மீன் குறைந்தால் அதற்குக் காரணம் வெளியே வளைத்துப் பிடிப்பதே என்பது அது. இதை இணைப்பு நியாயம் என்று வைத்துக்கொள்வோம். ஐயா அதைச் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. ஆனால் வாதம் முழுக்க அதில்தான் தொங்குகிறது.

எதிர்த்தரப்பு வந்து அடிப்பதும் அந்த இடத்தில்தான். நீரோட்டம் மாறியிருக்கலாம். வெளிச்சம் போட்டுப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். டைனமைட் இருக்கிறது. கரைவலையின் கண்ணே சிறிது, அதில் குஞ்சும் அகப்படுகிறது. இப்படி அடி விழும்போது ஐயாவிடம் இருக்கவேண்டியது பின்துணை: பல வருடத்து மீன்வரவுக் கணக்கு, அல்லது நாரா (தேசிய நீரியல் வள ஆராய்ச்சி) நிறுவனம் போன்ற ஓர் ஆராய்ச்சி இடத்தின் அறிக்கை. அது கையில் இல்லாவிட்டால் குரல்தான் உயரும்.

இன்னும் இரண்டு உறுப்பு மிச்சம். ஒன்று வரம்பு: 'முற்றாக' என்ற சொல்லை அந்த ஆதாரம் தாங்குமா? கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள், இந்தக் காலத்தில், இந்தக் கண்ணளவுக்குக் கீழான வலைக்குத் தடை என்று கேட்டால் அதே ஆதாரம் நன்றாகவே தாங்கும். மற்றது விலக்கு: எந்த நிலைமையில் என் கூற்று பொருந்தாது என்று நானே சொல்லிவிடுவது. இதைச் சொன்னால் நாம் பலவீனமாகத் தெரிவோம் என்று சங்கங்களில் பயப்படுகிறார்கள். கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு அது நேர்மாறாகத் தெரியும் என்பது என் கணிப்பு. வரம்பில்லாத கோரிக்கையை ஒரே வரியில் நிராகரிக்கலாம். வரம்போடு வந்த கோரிக்கையை நிராகரிக்க அவரும் காரணம் எழுதவேண்டும்.

இணைப்பு நியாயம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே? ஏன் வெளியே சொல்லவேண்டும்?

ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே கோயில் என்றால் சொல்லாமலே விளங்கும். திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம், தமிழ், சிங்களம் மூன்று சமூகமும் இருக்கின்றன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எந்த ஒன்றும் பாதியைத் தாண்டவில்லை. மூதூரில் 'காலங்காலமாக எங்கள் காணி' என்றால் தலையாட்டுகிறவர்கள் ஒரு சாரார், கந்தளாயில் தலையாட்டுகிறவர்கள் இன்னொரு சாரார். ஆதாரத்தில் சண்டை இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் 'நெடுங்காலம் பயன்படுத்தியவருக்கே காணி', 'உறுதிப் பத்திரம் வைத்திருப்பவருக்கே காணி', 'அரசு ஒதுக்கியவருக்கே காணி' என்ற மூன்று நியாயங்கள் வாய்திறக்காமல் மோதிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து வைத்தால் சண்டை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம் என்றாவது தெரியும்.

இணைப்பு நியாயம் மாறாத ஒன்று என்றும் நம்பவேண்டாம். டூல்மின் தன் நூலில் எடுத்த உதாரணம் இது: ஹாரி பெர்முடாவில் பிறந்தவர், ஆகவே அவர் பிரித்தானியப் பிரஜையாக இருக்கலாம். இணைப்பு: பெர்முடாவில் பிறந்தவர் பொதுவாகப் பிரித்தானியப் பிரஜை. பின்துணை: அந்நாட்டுச் சட்டங்கள். அவர் இதை எழுதியது 1958இல். அதற்குப் பத்து வருடம் முன்னரே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையில் அந்த இணைப்பைக் கழற்றிவிட்டது. இங்கே பிறந்தேன் என்பது போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும். தோட்டத்தில் பிறந்த மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். அவர்களது ஆதாரம் ஒன்றும் மாறவில்லை, பிறந்த இடம் பிறந்த இடமாகவேதான் இருந்தது. மாறியது நடுவிலிருந்த நியாயம். சட்டம் இயற்றுவது என்றாலே பல வேளைகளில் இதுதான்.

எங்கள் கூட்டங்களில் எல்லாரும் கதைக்கிறார்கள், ஒன்றும் முடிவதில்லை. ஏன்?

ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதனால்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹெர்மகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர் இதற்கு நான்கு படி வைத்தார். நடந்ததா? நடந்தது என்றால் அது என்ன வகை? அது நல்லதா கெட்டதா, எந்த அளவுக்கு? இதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? இரண்டு பேர் வேறு வேறு படியில் நின்றால் விடியும்வரை பேசலாம்.

சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றித் தேநீர்க்கடையில் நடக்கிற பேச்சைக் கவனியுங்கள். அங்கே 99 தாங்கிகள் உண்டு, பிரித்தானியர் காலத்தவை. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். ஒருவர் "வித்துப்போட்டாங்கள்" என்பார். மற்றவர் "வித்ததில்லை காக்கா, குத்தகை" என்பார். இது இரண்டாம் படி. மூன்றாமவர் "சும்மா துருப்பிடிச்சுக் கிடந்ததுக்கு இது பரவாயில்லை" என்பார். அவர் மூன்றாம் படிக்கு ஏறிவிட்டார். நாலாமவர் "எங்களைக் கேட்டவங்களோ?" என்பார். அது கடைசிப் படி. நால்வரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடிப்பார்கள்.

கடைசிப் படி நமது மாகாணத்தில் தனியாகக் கனக்கும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் வருடக்கணக்காக ஆளுநரின் கீழேயே நிர்வாகம். ஆகவே யார் தீர்மானிப்பது என்ற கேள்வியைத் தலைவர் 'விடயத்துக்கு வெளியே' என்று தள்ளினால் விடவேண்டாம். ஆனால் அதைத் தனியாக, தனி நேரத்தில் பேசக் கேளுங்கள்.

கொள்கை பற்றிய வாதம் மற்ற வாதங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

உண்மை எது என்று முடிவதில்லை அது, என்ன செய்வது என்று முடியும். இசபெலா, நோர்மன் பெயர்க்லஃப் என்ற இருவர் 2012இல் இதன் கட்டமைப்பைத் தெளிவாகக் காட்டினார்கள்: இப்போதைய நிலைமை இது, நாம் போகவேண்டிய இலக்கு இது, அந்த இலக்குக்குப் பின்னால் இருக்கும் விழுமியம் இது, இந்த வழியில் போனால் அங்கே சேரலாம், ஆகவே இதைச் செய்வோம்.

இதற்கு நமது நாட்டில் 2021 இரசாயன உரத் தடையைவிடத் துலக்கமான பாடம் இல்லை. நிலைமை: விவசாய மாவட்டங்களில் சிறுநீரக நோய், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. இலக்கு: நஞ்சற்ற உணவு. விழுமியம்: மக்களின் ஆரோக்கியம். வழி: இரசாயன உர இறக்குமதியை உடனே நிறுத்துவது. ஏப்ரலில் அமைச்சரவை முடிவெடுத்தது, மே மாதம் வர்த்தமானி வந்தது.

எதிர்த்தவர்களை 'நஞ்சுக்கு ஆதரவானவர்கள்' என்று சொல்வது அன்று சுலபமாயிருந்தது. இலக்கையும் வழியையும் ஒன்றாக ஒட்டிவிட்டால், வழியைக் கேள்வி கேட்பவர் இலக்கை எதிர்ப்பவராகத் தெரிவார். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் செய்கிறவர்கள் யாரும் நஞ்சு வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வால்டன் தன் பட்டியலில் எழுதிவைத்த அதே கேள்விகள். இந்த வழி இலக்கில் கொண்டுபோய்ச் சேர்க்குமா? வேறு வழி இல்லையா? செய்யக்கூடியதா, அவ்வளவு சேதனப் பசளை எங்கே இருக்கிறது? பக்கவிளைவு என்ன, விளைச்சல் விழுந்தால்? நீங்கள் முன்பு சொன்னதோடு இது ஒத்துப்போகிறதா? ஏனென்றால் 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் என்று சொல்லப்பட்டிருந்தது.

நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் சரிந்தது, அரிசி இறக்குமதியாயிற்று. கேள்விகள் எல்லாம் ஏப்ரலிலேயே மேசையில் கிடந்தவை.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? 'கெடுதல் வரும் என்று நீங்கள் நிரூபியுங்கள்' என்கிறார்களே?

பொதுவிதி: முன்மொழிகிறவர்தான் நிரூபிக்கவேண்டும். அம்ஸ்டர்டாம் விதிகளிலும் அது உண்டு. நமது சட்டமும் பெரிய திட்டங்கள் விடயத்தில் அந்தப் பக்கமே சாய்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு உள்ளே வந்தது. திட்டக்காரர் அறிக்கை கொடுக்கவேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். கருத்துச் சொல்ல 30 நாள். பலர் கவனிக்காத பகுதி இதுதான்: கேடு குறைந்த மாற்று வழிகள் எவை, அவை ஏன் கைவிடப்பட்டன என்பதையும் அறிக்கை சொல்லவேண்டும் என்கிறது சட்டம். ஆகவே உங்கள் முதல் கேள்வி 'மாற்று வழிப் பக்கம் எத்தனையாவது பக்கம்?' என்றே இருக்கட்டும். பல அறிக்கைகள் அங்கேதான் மெலிந்திருக்கும்.

மீளமுடியாத பாதிப்பு வரலாம் என்ற பயம் உள்ள இடத்தில், முழு விஞ்ஞான நிச்சயம் இல்லை என்பதைத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடச் சாட்டாக்கக் கூடாது என்று 1992 ரியோ பிரகடனத்தின் 15ஆவது கோட்பாடு சொல்கிறது. எப்பாவலயில் பொஸ்பேற்று அகழும் திட்டத்தை எதிர்த்த வழக்கில் 2000ஆம் ஆண்டு நமது உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, ரியோ பிரகடனத்தை எடுத்தாண்டு, அந்த ஊர்க்காரர்கள் பக்கம் நின்றது.

சம்பூரையும் இங்கே நினைக்கவேண்டும். 2006இல் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது மண்ணில் இந்திய அரச மின் நிறுவனமான என்.ரி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைப்பது திட்டம். அதைப் பற்றிய வாதத்தில் காணி, கொட்டியாரக் குடாவின் கடல், சாம்பல், மின்சாரத் தேவை, இந்திய உறவு ஐந்தும் ஒன்றாகப் பிசைந்து கிடந்தன. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டெம்பரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று அரச தரப்பு மன்றில் தெரிவித்தது. பிறகு அதே சம்பூருக்கு 120 மெகாவாட் சூரியசக்தித் திட்டம் வந்து, 2025 ஏப்ரலில் வேலை தொடக்கிவைக்கப்பட்டது. 'இதற்கு வேறு வழியே இல்லை' என்று யாராவது கூட்டத்தில் அடித்துச் சொல்லும்போது இந்தச் சரித்திரத்தைச் சொல்லலாம். சூரியசக்தி என்றால் காணிக் கேள்வி மறைந்துவிடும் என்று மட்டும் எண்ணவேண்டாம். அது வேறு படியில் நிற்கிற கேள்வி.

எங்கள் கூட்டங்களில் அதிகம் காணும் போலிகள் எவை?

சரியான வாதம் போலத் தெரிந்து உண்மையில் பிழையானதே போலி. என் மாணவருக்குப் போலிகள் பாடம் முடிந்த கிழமையில் உலகமே போலியாகத் தெரியும். அம்மா "நீ முதல் படிச்சு முடி, பிறகு கதை" என்றால் அதற்கும் ஒரு பெயர் சொல்வார்கள். பெயர் சூட்டுவது பதில் ஆகாது. பாடப்புத்தகங்கள் போலிகளை வழிவழியாக ஒரே மாதிரி எழுதிக்கொண்டு வருவதை அவுஸ்திரேலியாவின் சார்ள்ஸ் ஹம்ப்ளின் 1970லேயே கடிந்து எழுதினார்.

ஆளைத் தாக்குவதையே பாருங்கள். "உனக்கு வள்ளமும் இல்லை வலையும் இல்லை, நீ என்ன கதைக்கிறாய்?" கடற்சட்டம் பற்றி ஒருவர் வாசித்துச் சொன்னதற்கு இது பதில் என்றால் போலி. அவர் 'நான் கடலில் கண்டேன்' என்று சாட்சி சொன்னதற்கு எழுந்த கேள்வி என்றால் நியாயமானது. திட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர் அதே கம்பனியின் ஒப்பந்தக்காரரா என்று கேட்பதும் அப்படியே. கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்ன காரணம் அதனால் பொய்யாகிவிடாது.

நமது ஊருக்கே உரியது ஒன்று உண்டு: "அங்கே நடந்தபோது எங்கே போனீர்கள்?" மூதூரைப் பற்றிப் பேசினால் சேருவிலையை இழுப்பது, சேருவிலையைப் பேசினால் குச்சவெளியை இழுப்பது. இதை வெறும் திசைதிருப்பல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதற்குள் 'ஒரே மாதிரியான விடயத்தை ஒரே மாதிரி நடத்து' என்ற நல்ல நியாயம் ஒளிந்திருக்கிறது. 'இரண்டு இடத்துக்கும் ஒரே விதி எது, சொல்லுங்கள்' என்று திருப்பிக் கேட்டால் பேச்சு மறுபடி வழிக்கு வரலாம்.

மகஜரில் ஆயிரம் கையெழுத்து இருப்பது ஆயிரம் பேர் விரும்புகிறார்கள் என்பதற்குச் சான்று. விரும்புவது சாத்தியம் என்பதற்குச் சான்றல்ல.

உணர்ச்சியோடு பேசுவது தவறா?

தவறில்லை. இடம்பெயர்ந்த ஒரு தாய் தன் கிணற்றைப் பற்றிப் பேசினால் அது ஆதாரமும்தான். எதை இழக்கிறோம் என்பதை எந்த அட்டவணையும் அப்படிச் சொல்லாது. ஒரு திட்டத்தின் செலவுக் கணக்கில் அந்த இழப்பு எந்த வரியில் வருகிறது என்று அவரது பேச்சை அடுத்து யாராவது எழுந்து கேட்கவேண்டும். அப்படிக் கேட்க ஆளில்லாவிட்டால் கண்ணீர் வீடியோவில் மட்டும் மிஞ்சும்.

கொழும்பிலிருந்து வந்த நிபுணர் சொல்லிவிட்டார். அதற்குமேல் நாங்கள் என்ன பேசுவது?

அவர் எந்தத் துறை நிபுணர், கேட்ட கேள்வி அந்தத் துறைக்குள் வருகிறதா, அவர் உண்மையில் சொன்னது என்ன, அதே துறையில் மற்றவர்கள் ஒத்துக்கொள்கிறார்களா, அவர் கையில் இருக்கும் தரவு எந்த மாதத்தது? கடைசிக் கேள்வி இங்கே முக்கியம். வாடைக்காற்று அடிக்கும் டிசெம்பர்க் கடலும் அமைதியான மே மாதக் கடலும் ஒன்றல்ல என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கூட்டக் குறிப்பை எப்படி எழுதினால் அடுத்த கூட்டத்துக்குப் பயன்படும்?

'இன்னார் பேசினார், இன்னார் நன்றி கூறினார்' என்று எழுதுவதை விடுங்கள். 1970இல் வெர்னர் குன்ஸ், ஹோர்ஸ்ட் ரிட்டல் என்ற இருவர் ஒரு முறை சொன்னார்கள். மேலே பிரச்சினையைக் கேள்வியாக எழுது, கீழே நிலைப்பாடுகள், ஒவ்வொன்றின் கீழும் ஆதரவும் எதிர்ப்புமான காரணங்கள். அவ்வளவுதான்.

நகருக்குள் திரிகிற புள்ளிமான்களை எடுங்கள். கேள்வி: மான்களுக்கு என்ன செய்வது? நிலைப்பாடு ஒன்று: பிடித்து வேறிடம் கொண்டுபோய் விடுவது. எதிர்க்காரணம்: பிடிக்கும்போதே அதிர்ச்சியில் செத்துப்போகலாம். இரண்டு: வேலி அடைத்த இடம். எதிர்க்காரணம்: புல்லும் தண்ணீரும் யார் பொறுப்பு? மூன்று: மானை விடு, குப்பையை ஒழுங்குபடுத்து, பொலித்தீனைத் தின்பதுதான் பிரச்சினை. இப்படி எழுதியவுடன் ஒன்று தெரியவரும். மூன்றாமவர் கேள்வியையே மாற்றிவிட்டார். அவருக்கு அது 'குப்பைக்கு என்ன செய்வது?' என்ற கேள்வி. ரிட்டல் 1973இல் மெல்வின் வெபரோடு சேர்ந்து எழுதியதும் இதைத்தான்: சில பொதுப் பிரச்சினைகளில் பிரச்சினை என்ன என்று சொல்வதும் தீர்வைச் சொல்வதும் ஒரே வேலை. குறிப்பில் இரண்டாவது கேள்வியாக அதைப் பதியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கூட்டமும் மானில் தொடங்கிக் குப்பையில் முடியும்.

பாடசாலை விவாதப் போட்டி பிள்ளைகளைக் கெடுக்கிறதா?

கெடுக்கவில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக்குத் தயாராகிற பிள்ளை இரண்டு கட்சிக்கும் குறிப்பெடுக்கும். அது பெரிய பயிற்சி. எனக்குள்ள குறை ஒன்றுதான். நடுவர் புள்ளித்தாளில் குரல், உச்சரிப்பு, நேரம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, எதிரணி சொன்ன நல்ல காரணத்தை ஏற்றுக்கொண்டதற்குப் புள்ளி இல்லை. அம்ஸ்டர்டாம் விதிகளில் கடைசியை அண்டி வருகிற ஒன்று, தன் நிலைப்பாட்டை நிலைநாட்ட முடியாதவர் அதைக் கைவிடவேண்டும் என்பது. பத்துப் புள்ளியை அதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.

எங்கே படிக்கலாம்?

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடம் இருக்கிறது. கலைப்பிரிவில் இடம் நிரப்ப எடுக்கும் பாடம் என்று அதை இளக்காரமாக நினைக்கவேண்டாம். பல்கலைக்கழகத்தில் மெய்யியல், சட்டம், தொடர்பாடல் என்று பல வாசல். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு சுற்றாடல் அறிக்கையை எடுத்து, நாலு பேர் சேர்ந்து, கூற்றுக்கும் ஆதாரத்துக்கும் நடுவே உள்ளதைப் பென்சிலால் எழுதிப் படிப்பது.

எனக்கு மேடையில் பேச வராது. எழுதி அனுப்பினால் போதுமா?

போதும், பல வேளைகளில் பேச்சைவிட நல்லது. தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் அரசகரும மொழி மட்டுமல்ல, அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் பொதுப் பதிவேடுகள் பேணப்படும் நிர்வாக மொழியும் அதுவே.

எழுதுமுன் ஆதாரம் தேவைப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். சுற்றாடல் அறிக்கைக்கான 30 நாள் கருத்துக் காலத்துக்குள் இது இறுக்கமாக வரும், ஆகவே அறிவித்தல் கண்ட அன்றே விண்ணப்பத்தைக் கொடுங்கள்.

கடிதத்தில் ஒரு பந்திக்கு ஒரு கூற்று. அறிக்கையின் எந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்ற பக்க இலக்கம். உங்களிடமுள்ள ஆதாரம். அதிலிருந்து இது ஏன் பெறப்படுகிறது என்ற ஒரு வசனம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசியில் அவர்கள் பதில் சொல்லியே தீரவேண்டிய ஒரு கேள்வி. நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போனாலும் உங்கள் பெயரில் தனியாக இன்னொன்று போகலாம், அதற்குத் தடையில்லை.